முந்நூற்றுப் பதினெட்டு வாய்ப்பூட்டுகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சிவப்புக்கோடு என்று பெயர். செல்லமாக வைத்த பெயர் என்று வைத்தவர்கள் சொல்லிக்கொள்வார்கள். செல்லமாவது ஒன்றாவது! இருபது வருடம் ஒருத்தி ஒழுங்காக வேலை பார்த்தால் அவளுக்குக் கிடைப்பது ஒரு பட்டப்பெயர்தான். ஒழுங்கில்லாமல் பார்க்கிறவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும்.

மருத்துவமனைகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுக்கிற நிறுவனம் அது. மூன்றாவது மாடி, பதினான்கு பேர், முழுசாக மூடாத ஒரு ஜன்னல், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குடிநீர் இயந்திரம். நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று வார்டில் நர்ஸ் பார்க்கிற திரை இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஓடுவது இவர்கள் எழுதிய நிரல்.

அதை எழுதுகிற மொழி கொஞ்சம் கறாரானது. எந்தப் பெட்டியில் எந்த வகைச் சரக்கை வைக்கப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண் வைக்கிற பெட்டியில் ஒரு பெயரைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். இதைச் சொல்லித்தான் நிறுவனத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார்கள், எங்கள் நிரலில் தப்பு நுழையவே முடியாது என்று. ஆனால் அந்த மொழிக்கு எண் என்றால் எண், அவ்வளவுதான். அது கிலோவா, மில்லியா, சொட்டா என்பதெல்லாம் நாம் சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். சொல்லிக்கொடுக்க அந்த மாடியில் யாருக்கு நேரம் இருந்தது?

இந்த ஓட்டையை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது தங்கச்சி. தங்கச்சி அதே ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்த இடத்தில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க ஆளுங்க பண்ணின திரையில வெறும் அஞ்சுன்னு வருது. அஞ்சு என்ன? அஞ்சு சொட்டா, அஞ்சு மில்லியா, அஞ்சு பாட்டிலா?"

"அஞ்சு பாட்டிலா இருந்தா நோயாளி மிதப்பார்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்.

"நீங்க சிரிங்க மாமா. நாங்க மூணு பேர் அந்தத் திரை முன்னாடி நின்னு பட்டிமன்றம் நடத்தினோம், அஞ்சு என்னன்னு."

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். 'மணிக்கு இத்தனை மில்லி' என்று ஒரு வகை, 'நிமிடத்துக்கு இத்தனை சொட்டு' என்று இன்னொரு வகை. ஒன்றை இன்னொன்றின் பெட்டியில் வைத்தால் மொழியே தடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அவசரக்காரர்கள் அந்த வகையை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கிற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். உரித்த பிறகு அது மறுபடியும் வெறும் எண்.

அப்போதுதான் லின்ட் கருவியைக் கையில் எடுத்தாள். லின்ட் என்பது, நாம் எழுதிய நிரலைப் படித்துப் பார்த்துக் குறை சொல்கிற ஒரு கருவி. மாமியார் மாதிரி என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் புளித்துப்போன நகைச்சுவையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். கருவியோடு கூடவே வருகிற விதிகள் எல்லாம் இடைவெளி விட்டாயா, காற்புள்ளி வைத்தாயா என்கிற ரகம். ஆனால் வேண்டுமென்றால் நம் விதியை நாமே எழுதிச் சேர்க்கலாம். அவள் ஆறு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். மருந்தின் அளவைக் காட்டுகிற எந்தத் திரையிலும் வெறும் எண் வரக்கூடாது, அதுதான் விதி. மீறினால் அந்த வரிக்கு அடியில் சிவப்பாக நெளிந்து ஒரு கோடு விழும். கோடு இருக்கும்வரை நிரல் மருத்துவமனைக்குப் போகாது.

இருபது இடத்தில் விழும் என்று நினைத்து ஓடவிட்டாள். முந்நூற்றுப் பதினெட்டு இடத்தில் விழுந்தது.

வேறு எங்கேயாவது என்றால் பதறியிருப்பார்கள். இங்கே பதறியது மேலாளர் மட்டும்தான், அதுவும் நோயாளிக்காக இல்லை. அடுத்த வாரம் ஒரு மருத்துவமனைக்குப் புது நிரல் அனுப்பியாக வேண்டும். மேலாளருக்குப் பட்டப்பெயர் பார்ப்போம். எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்பார். மூன்றரை வருடத்தில் அவர் எழுத்து மூலமாக ஒரு முடிவு எடுத்து யாரும் பார்த்ததில்லை.

"நல்ல விதிதாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பழசை எல்லாம் இப்ப கிளறினா நாம எப்ப அனுப்பறது? பழசுக்கு ஒரு பூட்டுப் போட்டுடுங்க. புதுசா எழுதறதுக்கு உங்க விதி நடக்கட்டும். பழசை அப்புறம் பார்ப்போம்."

பூட்டு என்று அவர் சொன்னதற்கு அந்த மாடியில் வாய்ப்பூட்டு என்று பெயர். ஒரு வரிக்கு மேலே, அடுத்த வரியைப் பார்க்காதே என்று கருவிக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பது. எழுதிவிட்டால் கருவி கண்ணை மூடிக்கொள்ளும், சிவப்புக் கோடு விழாது. இதை எவன் கண்டுபிடித்தானோ! அவள் கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஆனால் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு விதியும் எழுதிச் சேர்த்தாள். வாய்ப்பூட்டுப் போடுகிறவர் மூன்றையும் எழுத வேண்டும்: யார் போட்டது, என்ன காரணம், எதுவரை. எதையாவது காலியாக விட்டால் பூட்டுச் செல்லாது. அன்று மாலைக்குள் பழசுக்கெல்லாம் பூட்டுப் போட்டாயிற்று, அடுத்த வாரம் நிரலும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. புதிதாகப் போட்ட பூட்டுகளில் எழுதியிருந்த காரணங்களைப் படித்தால் கோபத்தில் காது சூடாகிவிடும். 'காரணம்: அவசரம்.' 'காரணம்: காரணம் உண்டு.' 'எதுவரை: பிறகு.' விதி, காலியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எழுதியிருப்பது உளறலா என்று பார்க்க அதற்குத் தெரியாது. பூட்டுப் போடுவதில் மன்னன், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த முப்பது வயதுக்காரன். அவனுக்கு அவசரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அவனுடைய பூட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் குடிநீர் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டினாள். எல்லாவற்றுக்கும் நடுவில் 'எதுவரை: பிறகு' என்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'பிறகு என்பது எந்தக் கிழமை?' என்று எழுதினாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அவசரமும் சிரித்தான், பாவம், வேறு என்ன செய்வான்.

பழைய முந்நூற்றுப் பதினெட்டையும் அவள் மறந்துவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒன்று இரண்டாகத் திருத்திப் பூட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள். ஒன்றரை வருடத்தில் நூற்று இருபத்தெட்டு கழன்றது. அப்போது மேலாளர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ஓடற வண்டியை எதுக்குங்க கழட்டறீங்க, புதுத் திரை வேலை கிடக்குதில்ல?" என்றார். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. நூற்றுத் தொண்ணூறு அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள். அவள் வேலை நேரத்தில் போன் செய்கிறவளே இல்லை.

"அக்கா, என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. சஸ்பெண்டு."

நடந்தது இதுதான். வார்டில் இதயம் பலவீனமான ஒரு பெரியவர். அவருக்கு மருந்து கலந்த சலைனைப் பம்ப் மூலம் மணிக்கு நாற்பத்தைந்து மில்லி என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பம்ப் நின்றுவிட்டது. வேறு பம்ப் கைவசம் இல்லை. அப்படி நேரும்போது பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டுக் கணக்கில் ஏற்றுவார்கள். தங்கச்சி முறைப்படி திரையில் 'பம்ப் இல்லை' என்பதை அழுத்தினாள். திரையில் 'நிமிடத்துக்குச் சொட்டு' என்று தலைப்பு மாறியது. அதன் கீழே நாற்பத்தைந்து என்று இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொட்டு என்று எண்ணி வைத்தாள்.

அந்தக் குழாயில் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. மணிக்கு நாற்பத்தைந்து மில்லி ஏற்ற நிமிடத்துக்குப் பதினைந்து சொட்டுப் போதும். திரை தலைப்பை மாற்றிவிட்டு எண்ணை மாற்றவில்லை. பெரியவருக்கு மூன்று மடங்கு ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் மூச்சுத் திணறல். தங்கச்சிதான் முதலில் பார்த்து, குழாயை மூடி, டாக்டரைக் கூப்பிட்டாள். பெரியவர் இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். பிழைத்தது யாரால் என்று கேட்க ஆளில்லை. தப்பு யாருடையது என்று கேட்க மட்டும் வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள். தப்பு அவளுடையதுதான் என்று முடிவானால் வேலை போகும், நர்ஸ் பதிவும் போகும். பதினொரு வருட வேலை.

புதன்கிழமை காலை மேலாளர், மருத்துவமனைக்கு அனுப்பப்போகிற ஒரு கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "தொழில்நுட்பமா ஒரு பத்தி நீங்க சேர்த்துக் குடுங்க" என்றார். 'மேற்படி சம்பவம் பயனாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது. எங்கள் மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்கியது.'

வடிவமைத்தபடியாம்! மூன்று மடங்கு ஏற்றும்படியா வடிவமைத்தார்கள்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சோதனைக்கு என்று வைத்திருக்கும் கணினியில் அந்தத் திரையைத் திறந்தாள். நாற்பத்தைந்து போட்டாள். 'பம்ப் இல்லை' என்பதை அழுத்தினாள். தலைப்பு மாறியது, நாற்பத்தைந்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தத் திரை இப்போது அவசரத்தின் பொறுப்பு. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் அது சுவரில் போய் இடித்தது.

"தம்பி, எழுந்திரு. எழுந்திருன்னு சொல்றேன்!"

மாடியே திரும்பிப் பார்த்தது.

"எத்தனை தடவை சொன்னேன்? சுவத்துல ஒட்டிக் காட்டலை? வெறும் எண்ணை விடாதே, விடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! உன் அவசரத்துக்கு அங்க ஒரு மனுஷன் மூச்சுவிட முடியாமக் கிடந்தாரு. ஒரு பொண்ணு வேலையை இழந்துட்டு உக்காந்திருக்கா. என்ன எழுதி வெச்சே அங்க? திற, எல்லாரும் பார்க்கட்டும்."

அவன் முகம் செத்துப்போயிற்று. அந்த நிரலைத் திறந்தான், கீழே இறக்கிக்கொண்டே போனான். சொட்டும் மில்லியும் கலக்கிற வரி வந்தது. சிவப்புக் கோடு இல்லை. மேலே ஒரு வாய்ப்பூட்டு இருந்தது.

அவன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, பேரைப் பாருங்க."

'யார்:' என்பதற்கு எதிரே அவள் பெயர் இருந்தது. காரணம்: பழையது. எதுவரை: பிறகு.

கூடத்தில் குடிநீர் இயந்திரம் சொட்டுகிற சத்தம் கேட்டது.

அவளுக்கு அப்போதுதான் அந்த மாலை நினைவுக்கு வந்தது. முந்நூற்றுப் பதினெட்டுக்கும் கையால் பூட்டுப் போட யாரால் முடியும்? பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது ஓடிப்போய் எல்லா இடத்திலும் ஒரே பூட்டைப் போட்டது, அவள் பெயரிலேயே. நாலு நொடி ஆனது. எவ்வளவு சாமர்த்தியம் என்று அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டாள். பிற்பாடு நூற்று இருபத்தெட்டைக் கழற்றியபோதுகூடக் கீழே இருந்த வரியைத்தான் பார்த்தாளே தவிர, பூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. அந்த மூன்றும் காலியாக இருக்கக்கூடாது என்று விதி எழுதியதும் அவள், அதில் 'பிறகு' என்று நிரப்பியதும் அவள். அந்தப் 'பிறகு'வைத்தான் மூன்று வருடமாகச் சுவரில் ஒட்டி ஊரையே சிரிக்க வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் நான் அவளுக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. அவளுக்கே வாங்கத் தோன்றவில்லை. எந்தக் குரலில் கத்தினாளோ அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தம்பி, தப்பு என்னுது. உன்னைப் பார்த்துக் கத்தினதும் தப்பு."

குடிநீர் இயந்திரத்திடம் போய், சுவரில் இருந்த தாளைக் கிழித்துச் சுருட்டினாள். கையில் வைத்துக்கொண்டே மேலாளர் அறைக்குப் போனாள்.

பார்ப்போமுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்கு முகத்தில் கவலை போய் ஒரு நிம்மதி வந்திருந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த வரியை இன்னிக்கே சரி பண்ணிடுங்க. கடிதம் இருக்கிறபடி போகட்டும். உங்க பேர் வெளிய வர வேண்டாம்."

"அந்த நர்ஸ்?"

"பாவம்தான். கொஞ்ச நாள்ல வேற எங்கயாவது சேர்ந்துப்பாங்க."

"அவ என் தங்கச்சி."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா நீங்க விசாரணைப் பக்கமே போகக்கூடாது. சொந்தக்காரங்க சொல்றதை யார் நம்புவா?"

"பழசுக்குப் பூட்டுப் போடச் சொன்னது நீங்கதானே சார்?"

"எழுத்துல இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. என்னைக் கேட்டால், கத்துகிறவனைவிட இப்படிப்பட்டவன்தான் ஆபத்து. முந்நூற்றுப் பதினெட்டு இடத்திலும் தேடினாலும் இந்த மனிதர் பெயர் ஒரு இடத்தில்கூட இருக்காது. காற்றில் சொல்லிவிட்டுப் போவதற்கே சம்பளம் வாங்குகிறவர். அவள் எழுந்து வந்தாள். தொழில்நுட்பப் பத்தியை எழுதிக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், தங்கச்சி அங்கே இருந்தாள். தனியாக இருக்கப் பிடிக்காமல் வந்திருக்கிறாள். தன்னுடைய வெள்ளை ஷூவைத் துவைத்து ஜன்னலில் காய வைத்திருந்தாள். வேலையே இல்லாத ஷூ. காய்கறியை எடுத்து வைத்து நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்தத் திரையை யார் பண்ணினதுன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்."

"யாரு?"

"விசாரணையில சொல்றேன்."

"சொல்லு. நல்லா பேரைச் சொல்லு. அந்த ஆளை நான் ஒரு தடவை நேர்ல பார்க்கணும்க்கா. பெரியவரோட பொண்ணு என் முகத்துக்கு நேரா கேட்டாங்க, என்ன பாவம் பண்ணினோம்னு. அதை அந்த ஆள் கேட்டிருக்கணும்."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். தங்கச்சி கத்தியைக் கழுவி வைக்கிறவரை இன்னும் இரண்டு முறை திறந்து மூடினாள். வீட்டுக்காரர் அப்போதுதான் வந்தார், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம்.

"பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போனேன்" என்றார், கையைக் கழுவிக்கொண்டே. "லிஃப்டை நிறுத்திப் பூட்டி என் பேர் போட்ட அட்டையை மாட்டியிருந்தேன். வேலை முடிஞ்சது, அட்டையைக் கழட்டாம வந்துட்டேன்."

"அங்க இருக்கிற யாராவது கழட்டக் கூடாதா மாமா?" என்றாள் தங்கச்சி.

"அய்யோ, தொடவே கூடாது. யார் பேரு இருக்கோ அந்த ஆள்தான் கழட்டணும். எங்க பெரிய இன்ஜினியரே வந்தாலும் கை வைக்க மாட்டார். நான் போகலைன்னா பன்னண்டு மாடிக்காரங்களும் படி ஏறியிருக்கணும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். யார் பேரு இருக்கோ என்று சொன்னதை அக்கா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்த அறை சின்னது. நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர்: ஒரு டாக்டர், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன், கோப்புகளோடு ஒரு நிர்வாக அதிகாரி. இந்தப் பக்கம் தங்கச்சி. ஓரத்தில் பார்ப்போம், மடித்த கடிதத்தோடு. அக்காவும் உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பார்ப்போம் கடிதத்தைப் படித்தார். கவனக்குறைவு என்கிற சொல் நாலு தடவை வந்தது. படித்து முடித்ததும் மேட்ரன் தங்கச்சியைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

"நான் ஒண்ணுதான் கேக்கறேன் மேடம். திரையில நாப்பத்தஞ்சுன்னு இருந்தது. சார் சொல்லட்டும், அந்த நாப்பத்தஞ்சு என்ன? சொட்டா, மில்லியா?"

"அது வந்து... தொழில்நுட்ப விஷயம்" என்றார் அவர். "எங்க ஆளுங்களைக் கேட்டுட்டு..."

"பார்ப்போம்னு சொல்லப் போறார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்தாள். "நான் சொல்றேன். அது மில்லி. சொட்டுன்னு தலைப்பைப் போட்டு மில்லியைக் காட்டியிருக்கு. நீங்க யார் அழுத்தினாலும் அப்படித்தான் காட்டும், இப்பவே பாருங்க."

மேட்ரன் தன் மேசைக் கணினியைத் திருப்பினார். அவரே அழுத்தினார். நாற்பத்தைந்து நாற்பத்தைந்தாகவே நின்றது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார்.

"இதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட ஒரு விதி இருக்கு" என்றாள் அக்கா. "நான் எழுதினது. அது மூணரை வருஷத்துக்கு முன்னாடியே இந்த வரியைப் பிடிச்சது. பிடிச்சதும் அதோட வாயைக் கட்டிட்டோம்."

ஒரு தாளை மேசை மேல் வைத்தாள். அவசரம் அச்செடுத்துக் கொடுத்த தாள், காலையில் கேட்காமலேயே கொண்டுவந்து கொடுத்தான். முந்நூற்றுப் பதினெட்டு பூட்டும் ஒரே நாளில் ஒரே நிமிடத்தில் போடப்பட்டதற்கான பட்டியல் அது. நிர்வாக அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "யார்னு போட்டிருக்கே, இந்தப் பேர் யாரு?"

"என் பேரு."

தங்கச்சி தலையைத் திருப்பினாள். அக்கா அவளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்தே மீதியையும் சொன்னாள்.

"இப்பதான் முறையா எழுதித் தர்றேன். யார்: நான். காரணம்: அனுப்ப நேரமாச்சுன்னு மேலாளர் வாய்மொழியாச் சொன்னார், நான் தலையாட்டினேன். எதுவரை..." தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தாள். "அதுக்கு ஒரு தேதியைத்தான் அன்னிக்கு எழுதாம விட்டேன்."

"இதெல்லாம் எங்க நிறுவனத்தோட கருத்து இல்லைங்க" என்றார் பார்ப்போம்.

"தெரியுதுங்க" என்றார் மேட்ரன், அவர் பக்கம் திரும்பாமலே.

எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தங்கச்சியை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்கள். தற்காலிக நீக்கம் ரத்து, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். அந்தப் 'பம்ப் இல்லை' பொத்தானை எல்லா வார்டிலும் அன்றைக்கே மூடிவிட்டார்கள். மற்றத் திரைகளைச் சரி செய்ய நிறுவனத்துக்குக் கெடு வைப்பார்களாம். பார்ப்போம் மடித்த கடிதத்தை மறுபடி மடித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார். அக்காவுடைய வேலை இருக்கிறதா போயிற்றா என்று யாரும் சொல்லவில்லை.

வராந்தாவில் இரும்பு நாற்காலி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தாள். ஒரு தள்ளுவண்டி போயிற்று, இரண்டு பேர் போனார்கள். அக்கா கையை நீட்டித் தங்கச்சியின் கையைப் பிடித்தாள். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"மன்னிச்சுடுன்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரலைடி."

"கேக்காதே. பெரியவர் பொண்ணு அஞ்சாவது மாடியில இருக்காங்க. கேக்கறதுன்னா அங்க போய்க் கேளு."

"போறேன்."

தங்கச்சி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் ஆறவில்லை என்று அவள் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. அப்படியே கேட்டாள்.

"முந்நூத்துப் பதினெட்டுல இன்னும் எத்தனை பாக்கி?"

"நூத்தி எண்பத்தொம்பது. இந்த ஒண்ணை நேத்து கழட்டிட்டேன், இங்க இன்னும் வந்து சேரலை."

"எல்லாம் நாங்க பார்க்கற திரையிலயா?"

"ஆமா."

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி" என்றாள் தங்கச்சி. "அதே திரையைப் பார்த்துத்தான் மருந்து ஏத்தணும். பதினெட்டுப் படுக்கை. நீ இங்க உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னக்கா பண்றே?"

அக்கா கையை விட்டாள். முதலில் ஐந்தாவது மாடிக்குப் போனாள், பிறகு அலுவலகத்துக்கு.